இடது பக்கத்து இருக்கை

அந்தக் காரில் இருப்பது இரண்டே இருக்கைகள். அதைச் செய்த புண்ணியவான் மூன்றாவதாக ஒரு முக்காலியாவது போட்டு வைத்திருந்தால் இந்த வாரம் நமக்குக் கதையே இல்லை.

போன வாரம் தையல்காரரும் அவர் மனைவி மாத்திரையக்காவும் கண் டாக்டரிடமிருந்து வெளியே வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறியதோடு விட்டோம். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தையல்காரரின் இடது கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்து, இப்போது மிச்சம் இருப்பது சாவித்துவாரம் அளவுதான். வலது கண் பத்திரம். நேரே இருப்பது பளிச்சென்று தெரியும், ஊசியில் நூல் கோர்ப்பார், கோட்டுக்குப் பொத்தான் வைப்பார். ஆனால் இடது பக்கத்திலிருந்து யானையே வந்தாலும், அது பக்கத்தில் நின்று தட்டினால்தான் அவருக்குத் தெரியும்.

காரில் போகும்போது அப்படித் தட்டுவது மாத்திரையக்காவின் வேலை.

மருந்துக்கடையில் நின்று நின்று அந்தப் பெயர் வந்த அவள், இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கணவரின் இடது பக்கம் உட்கார்ந்து போகிறாள். அவர் முழங்காலில் ஒரு தட்டு தட்டினால், இடது பக்கம் ஏதோ வருகிறது, மெதுவாகப் போ. அழுத்திப் பிடித்தால், உடனே நில். இந்த ஏற்பாடு அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. பார்க்கிறவர்கள், "இந்த வயசுல என்ன ஒட்டுதல் பாரு!" என்று கேலி செய்வார்கள். அவளும் வெட்கப்படுகிற மாதிரி சிரித்து வைப்பாள்.

"வண்டி ஓட்டறதை இன்னியோட விட்டுடுங்க" என்று டாக்டர் சொன்னபோது தையல்காரர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். பஸ்ஸை விட்டு இறங்கியதும், "வருஷா வருஷம் போற பழைய கார் ஓட்டம் மட்டும் போயிட்டு வந்துடறேன். அதோட சரி" என்றார். மாத்திரையக்காவும் சரியென்றாள். தான் பக்கத்தில் இருக்கப்போகிற தைரியத்தில் சொன்ன சரி அது.

இன்றைக்குத்தான் அந்த ஓட்டம்.

காலையில் சமையலறையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். கை கால் விளங்காமல் போனவர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடக்க வைப்பது அவள் தொழில். கடல் கடந்த ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, நாளை மறுநாள் விமானம் ஏறப்போகிறாள். கூடத்தில் அவள் பெட்டி வாயைப் பிளந்தபடி கிடக்கிறது.

"அப்பா, இன்னிக்கு நான்தான் உங்க பக்கத்துல" என்றாள்.

தையல்காரர் ரொட்டியைக் கடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"அதுல ரெண்டு பேருக்குத்தாம்மா இடம்."

"தெரியும். அம்மா இறங்கிக்கட்டும். ரெண்டு வருஷமா அந்த ஸீட்டைப் பட்டா போட்டு வச்சிருக்கா. நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. இனிமே எப்ப வருவேனோ, இப்ப கேக்கறேன்."

"காத்து அடிக்கும்டி. தூசி. உனக்குத்தான் சட்டுனு சளி பிடிக்குமே" என்றாள் மாத்திரையக்கா.

"எனக்கு என்ன, மூணு வயசா?"

"வெயில் வேற..."

"அம்மா, கொஞ்சம் விட்டுக் கொடேன். நீ தினமும் அப்பாவோடதானே இருக்கே?"

மகளின் குரல் லேசாக உடைந்தது. அதைக் கேட்ட தையல்காரர், சும்மா இருந்திருக்கலாம், "சரி, வா" என்று சொல்லிவிட்டார்.

மாத்திரையக்கா அவர் பின்னாலேயே கிளம்பினாள்.

கொட்டகையில் அவரைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். கார் அங்கே போர்வை களைந்து நின்றது. கரும்பச்சை, நீண்ட மூக்கு, மேலே கூரை கிடையாது. கோழி அடைத்து வைத்திருந்த ஓட்டை உடைசலாக வந்த வண்டி. தையல்காரரும் மச்சினனும் சேர்ந்து ஒவ்வொரு திருகாணியாகத் தேடிப் பிடித்து உயிர் கொடுத்தார்கள். இருக்கைக்குத் தோல் தைத்தவர் அவரே.

"என்னங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? அவளுக்கு என்ன தெரியும்? இடது பக்கம் யாரு வந்தாலும் பராக்குப் பார்த்துட்டு உக்காந்திருப்பா."

"மெதுவாத்தானே போறேன்."

"மெதுவா இடிச்சா வலிக்காதா? அவகிட்டச் சொல்லிடலாம்ங்க. இப்பவே சொல்லிடலாம்."

"சொன்னா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாதா? உன் ஆபரேஷனப்போ என்ன பண்ணினா? கைக்கு வந்த வேலையை வேண்டாம்னு எழுதிப் போட்டுட்டு உன் தலைமாட்டுல வந்து உக்காந்தா. இப்ப என் கண்ணுன்னு கேட்டா, பெட்டியில இருக்கற துணியை எல்லாம் எடுத்து மறுபடியும் அலமாரியில அடுக்கிடுவா. அவ ஏறிப் போகட்டும். அப்புறம் நானே சொல்றேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே."

அவர் சொல்வதும் நிஜம்தான். மகள் இரண்டாவது தடவையாகத் தன் வாழ்க்கையை மடித்து வைப்பதை மாத்திரையக்காவால் பார்க்க முடியாது. ஆனால் அந்த இருக்கையில் மகளை உட்கார வைத்து அனுப்புவதும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் நின்று அவள் யோசித்த யோசனை இருக்கிறதே, அதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

தையல்காரர் சட்டை மாற்ற உள்ளே போனதும் காரின் மூக்கைத் தூக்கினாள். கைக்கு எட்டிய ஒரு ஒயரை வெடுக்கென்று பிடுங்கிவிட்டாள்.

வண்டி கிளம்பவில்லை. தையல்காரர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் முகம் தொங்கிப் போயிற்று. மாத்திரையக்கா தாலாட்டாத குறையாக, "போகுது விடு, நாமெல்லாம் சும்மா பஸ்ஸுல போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா தம்பி வரவேண்டும்?

தம்பி என்றால் மாத்திரையக்காவின் உடன்பிறந்த தம்பி, சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். எல்லா வருஷமும் தன் வேனில் சாமான் பெட்டியோடு அத்தானின் பின்னால் வருவான். அவன் மூடியைத் தூக்கினான், எட்டிப் பார்த்தான், ஒயரைக் குத்தினான். கார் செருமிக்கொண்டு உறுமியது.

"யாரோ பிடுங்கி விட்டிருக்காங்க அத்தான். எலி இல்ல. எலின்னா கடிச்சிருக்கும்."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாத்திரையக்கா திருதிருவென்று விழித்தாள். நல்லவேளை, மகள் அதற்குள் ஒரே தாவலில் உள்ளே ஏறி உட்கார்ந்து, தலைக்குத் துணி கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"நான் வேன்ல வரேண்டா" என்றாள் அக்கா தம்பியிடம். "ஒட்டினாப்பல பின்னாடியே போ."

பழைய கார் ஓட்டத்தின் விதி வேடிக்கையானது. முந்தினால் தோல்வி. ஐம்பதைத் தாண்டினால் ஆட்டத்தை விட்டு வெளியே. அவரவர் முன்கூட்டியே சொன்ன வேகத்தில், கூடாமல் குறையாமல், ஊர் வழியாகப் போய் ஏரிக்கரையில் நிற்க வேண்டும். தையல்காரர் எப்போதும் நாற்பதில் போவார். அதனால் பழைய கார் சங்கத்தில் அவர் பெயரே 'நாப்பது'தான்.

நாற்பதில் என்ன சுகம் என்று கேட்கிறவர்கள் அந்தக் காரில் உட்காராதவர்கள். உட்கார்ந்தால் தரை கைக்கெட்டும் தூரத்தில் ஓடும். எந்திரத்தின் சூடு பாதத்துக்கு வரும். நாற்பதே நூறு மாதிரி இருக்கும், ஆனால் நூறில் பறக்கிறவனுக்குத் தெரியாததெல்லாம் தெரியும். ரொட்டிக்கடை வாசனை, மாடிச் சன்னலில் யாரோ திட்டுவது, நனைந்த துணி கொடியில் அடித்துக்கொள்ளும் சத்தம், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து விசாரித்துவிட்டுப் போகும். மாத்திரையக்காவுக்கும் அது பிடிக்கும். காவலுக்கு உட்கார்ந்தவள்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்காக அவள் வாரம் முழுக்கக் காத்திருப்பது காவலுக்காக மட்டும் இல்லை.

இன்றைக்கு அந்தச் சுகமெல்லாம் வேன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்தது. மகள் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காற்றைப் பிடித்தாள். ஏதோ கத்தினாள். தையல்காரர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

"அத்தானுக்கு இன்னிக்குப் பத்து வயசு குறைஞ்சு போச்சு" என்றான் தம்பி.

மாத்திரையக்காவுக்குச் சந்தோஷப்படத்தான் ஆசை. அவள் பார்வை போனதென்னவோ இடது பக்கத்து நடைபாதைக்குத்தான். அதோ தள்ளுவண்டி. அதோ நாயைக் கூட்டிக்கொண்டு ஒருத்தி. சந்து, சந்திலிருந்து ஒரு சைக்கிள்.

"என்னக்கா, சும்மா சும்மா என் காலைத் தட்டறே?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "கொசுடா."

"பட்டப்பகல்ல கொசுவா?"

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் உள்ள முக்கில் பால் வேன் ஒன்று இடது பக்கத்திலிருந்து மூக்கை நீட்டியது. கரும்பச்சைக் கார் வேகத்தைக் குறைக்கவே இல்லை. மாத்திரையக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா!" என்று மகள் போட்ட சத்தம் வேனுக்குள் வரை கேட்டது. கார் லேசாக வளைந்து, மயிரிழையில் தாண்டியது. பால் வேன்காரன் கையை விரித்துத் திட்டினான்.

"அத்தான் பாட்டு கேக்கற ஜோருல போறாரு" என்று தம்பி சிரித்தான். பக்கத்தில் அக்கா அழுதுகொண்டிருப்பதை அவன் கவனிக்கவில்லை.

வீடுகள் முடிந்தன. இரண்டு பக்கமும் வெறும் புல்வெளி, நேர்கோடாகச் சாலை. இனி ஏரிக்கரை வரை முக்கு கிடையாது, சந்து கிடையாது. அப்பாடா என்று மாத்திரையக்கா மூச்சு விட்டாள். தையல்காரரும் விட்டிருப்பார் போலிருக்கிறது, தோள்கள் இறங்கின.

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, சாய்ந்து அவர் முழங்காலைப் பிடித்தாள். பிரியமாக, அழுத்திப் பிடித்தாள்.

கார் ஆணி அடித்தாற்போல் நின்றது.

தம்பி பிரேக்கை மிதித்த மிதியில் சாமான் பெட்டி முன்னால் உருண்டு வந்தது. வேன் காரின் பின்பக்கத்தைத் தொட்டு, 'டொக்' என்று ஒரு சத்தம். மகளின் தலை முன்னால் போய்க் கண்ணாடிச் சட்டத்தில் மோதியது.

மாத்திரையக்கா எப்படி இறங்கினாள், எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. மகளின் புருவத்துக்கு மேல் தோல் பிய்ந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. தையல்காரர் உடம்பையே இடது பக்கம் திருப்பி, ஒன்றுமே இல்லாத புல்வெளியைத் தேடு தேடென்று தேடிக்கொண்டிருந்தார்.

"யாரு? எங்கே? யாரு வந்தா?"

"யாரும் வரலையேப்பா. ஏன் நிறுத்தினீங்க?"

"நீதானே பிடிச்சே!"

"பிடிச்சா?"

"பிடிச்சா நிக்கணும்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். மனைவியைப் பார்த்தார். குட்டு உடைந்துவிட்டது என்பது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. தம்பிக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அவன் காரை ஓரமாகத் தள்ளினான்.

மகள் கைக்குட்டையை நெற்றியில் அழுத்திக்கொண்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். அவள் குரல் ஆஸ்பத்திரிக் குரலாக மாறியிருந்தது.

"அப்பா, நேரா மாமாவைப் பாருங்க. தலையைத் திருப்பக் கூடாது. என் கை தெரியறப்போ சொல்லுங்க."

அவள் கை அவருடைய இடது காதோரம் கிளம்பியது. காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகுதான், "ம், தெரியுது" என்றார். அவள் உள்ளங்கையால் அவர் வலது கண்ணை மூடினாள்.

"இப்ப என்னைப் பாருங்க. என்ன தெரியுது?"

"உன் மூக்கு தெரியுதும்மா" என்றார் தையல்காரர். "மூக்கு மட்டும்."

பின்னால் வந்த பழைய கார்கள் ஒவ்வொன்றாக அவர்களைத் தாண்டிப் போக ஆரம்பித்தன. ஐம்பதைத் தாண்டாதவர்கள் அல்லவா, நிதானமாகக் கையசைத்து, "என்ன நாப்பது, படுத்துடுச்சா?" என்று குசலம் விசாரித்துக்கொண்டே போனார்கள். நான்கு பேரும் பல்லைக் காட்டிக் கையசைத்தார்கள். அந்தச் சிரிப்பு மறைவதற்குள் மகள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதனாலதான் அந்த ஸீட்டை விடாம உக்காந்தே. நான் உன்னைச் சுயநலம்னு நினைச்சேன்மா."

"அதை விடுடி..."

"விட மாட்டேன். தெரிஞ்சே என்னை அதுல ஏத்தி அனுப்பியிருக்கே. ரோட்டுல சின்னப் பசங்க போறாங்க, சைக்கிள் போகுது. பால் வேன் வந்தப்போ நான் மட்டும் கத்தலைன்னா?"

இன்னொரு கார். சிவப்பு. கையசைப்பு.

"சொன்னா நீ போகமாட்டியேடி!" என்று மாத்திரையக்கா வெடித்தாள். "மறுபடியும் எங்களுக்காகப் பெட்டியைப் பிரிச்சுடுவியே! அந்தப் பயத்துலதான்..."

"நான் போகாம போயிடுவேன்னு பயந்தே. போயே சேர்ந்துடுவேன்னு பயப்படலையா?"

பயந்தேனே, காலையிலிருந்து அதுக்குத்தானேடி செத்துச் செத்துப் பிழைச்சேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல்ல முடியவில்லை. பயந்துகொண்டே அனுப்பினாள் என்பதுதானே உண்மை? அவரிடம் கொடுத்த வாக்கு பெரிதாகப் போய்விட்டது, பெற்ற பிள்ளை இரண்டாவதாகிவிட்டாள். மாத்திரையக்காவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அவளைத் திட்டாதே" என்றார் தையல்காரர். "நான்தான் வாயை அடைச்சேன்."

தம்பி நடந்துபோய்க் காரின் சாவியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

மகள் வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் தோள் அம்மாவின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"போறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிக்கறேன். அது என் பாடு. ஆனா எனக்கு முழுசாத் தெரியணும். டாக்டர் வேற என்ன சொன்னார்?"

"சொட்டு மருந்து, அப்புறம் வண்டி ஓட்டக் கூடாது. அவ்வளவுதாண்டி. சத்தியமா அவ்வளவுதான்."

மாத்திரையக்கா பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் தையல்காரர்.

அவர் காரின் மேல் கையை ஊன்றி நின்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நீ மருந்து வாங்க வெளியே போனே இல்ல? அப்ப சொன்னார். இது அப்பாகிட்டேருந்து பிள்ளைக்கும் வரலாமாம். வலிக்காதாம், தெரியாதாம், தெரியறப்போ பாதி போயிருக்குமாம். எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டார். ஒரே பொண்ணுன்னேன். ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவை கூட்டிட்டு வாங்கன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் மாத்திரையக்கா.

"கூட்டிட்டு வரேன்னு சொன்னேன்."

மாத்திரையக்கா கணவரை அடித்திருப்பாள், எழுந்திருக்கத் தெம்பு இருந்திருந்தால். இத்தனை நாள் தானும் அவரும் சேர்ந்து ஒரு ரகசியத்தைச் சுமந்ததாக நினைத்திருந்தாள். அதைவிடப் பெரிய ஒன்றை அவர் தனியாக விழுங்கிக்கொண்டு, மகள் பத்திரமாக விமானம் ஏறட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

மகள் நெற்றியிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, நேரே ஏரிக்கரைப் பக்கம் பார்த்தாள். பிறகு கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினாள்.

"தெரியுதாடி?" என்றாள் அம்மா. "எல்லாம் தெரியுதா? சொல்லேண்டி!"

மகள் மறுபடியும் கையை மாற்றினாள்.

"இரும்மா" என்றாள். "இன்னொரு தடவை பார்த்துக்கறேன்."